மெல்லிய நீர்மப் படலங்களின் நிலைப்பும் குலைவும்: பரப்பு இழுவிசை குறித்த ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

பரப்பு இழுவிசை குறைந்தால் நீர்மப் படலம் நிலைக்கும். மிகுந்தால் உடையும் என்னும் விளக்கம் வகுப்பறைகளில் பரவலாக வழங்குகிறது. இவ்விளக்கம் போதாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தட்டையான படலத்தைப் பரப்பு இழுவிசை காக்கிறது; உருளை வடிவப் படலத்தைக் குலைக்கிறது. ஒரு படலத்தின் கதியை முதன்மையாகத் தீர்மானிப்பவை இழுவிசையின் வேறுபாடும் படலத்தின் வடிவமும் ஆகும். இக்கருத்து சோப்புப் படலம், பெனார் கலங்கள், நுண்ணிய மூச்சுக்குழல்களின் நீர்மப் பூச்சு ஆகியவற்றைக் கொண்டு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பரப்பு இழுவிசை, மெல்லிய படலம், நிலைப்பின்மை, மரங்கோனி விளைவு, மூச்சுக்குழல் அடைப்பு

முன்னுரை

தூய நீரில் குமிழி ஊதினால் அது நிலைப்பதில்லை. சிறிது சோப்பைக் கரைத்தால் நிலைக்கிறது. 20 பாகை செல்சியசில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். சோப்புக் கரைசலில் அது ஏறத்தாழ 25 முதல் 30 வரை குறைகிறது. எனவே இழுவிசை குறைந்ததால்தான் குமிழி நிலைத்தது என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் தூய எத்தனாலின் பரப்பு இழுவிசை ஏறத்தாழ 22 மில்லிநியூட்டன் மட்டுமே. அது சோப்புக் கரைசலின் மதிப்பைவிடவும் குறைவு. எனினும் எத்தனாலைக் குலுக்கினால் நுரை நிற்பதில்லை. எழும் குமிழிகள் உடனே உடைகின்றன. மேற்கண்ட விளக்கத்தை மறுக்க இந்த ஒரு சான்றே போதும்.

இவ்விளக்கம் நீடிப்பதற்குச் சொல்லும் ஒரு காரணமாக இருக்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘பரப்பு இழுவிசை’ என்றும் இலங்கைப் பாடநூல்களில் ‘மேற்பரப்பிழுவிசை’ என்றும் வழங்கும் கலைச்சொல், இழுத்துக் கட்டிய தோலின் உருவத்தை மனத்தில் எழுப்புகிறது. இழுப்பு மிகுந்தால் தோல் கிழியும். நீர்மப் பரப்போ அத்தகைய தோல் அன்று. தோலை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு இழுப்பு கூடும். தூய நீர்மத்தின் பரப்பை எவ்வளவு விரித்தாலும் இழுவிசை மாறுவதில்லை. விரித்தாலும் மாறாத இந்த இயல்பே தூய நீர்மப் படலத்தின் வலுவின்மைக்கு வேர் என்பது பின்னர்ப் புலப்படும்.

தட்டையான படலம்

வளைந்த நீர்மப் பரப்பின் இருபுறமும் அழுத்தம் சமமாக இருப்பதில்லை என்பதை 1805இல் யங்கும் 1806இல் லாப்லாசும் நிறுவினர். அழுத்த வேறுபாடு பரப்பு இழுவிசைக்கும் வளைவுக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. ஒரு திண்மத்தின்மீது பரவியுள்ள தட்டையான படலத்தில் சிறு அலைவு தோன்றுவதாகக் கொள்வோம். முகட்டின்கீழ் நீர்ம அழுத்தம் கூடுகிறது, அகட்டின்கீழ் குறைகிறது. நீர்மம் முகட்டிலிருந்து அகட்டிற்குப் பாய்கிறது, அலைவு மறைகிறது. சுவரில் பூசிய வண்ணப்பூச்சில் தூரிகைத் தடங்கள் மறைவது இவ்வாறே. தடங்கள் மறையும் வேகம் படலத் தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும், தடங்களுக்கு இடைப்பட்ட தொலைவின் நான்மடிக்கு எதிர்விகிதத்திலும் உள்ளது. தடங்களின் இடைவெளி இரு மடங்கானால் மறைவதற்கு 16 மடங்கு காலம் வேண்டும். அகன்ற முரட்டுத் தூரிகையின் தடங்கள் காயும்வரை மறையாமல் நின்றுவிடுவதன் காரணம் இதுவே.

ஆக, தட்டையான படலத்தில் பரப்பு இழுவிசை குலைவை அடக்கும் விசையாகவே செயல்படுகிறது. படலத்தில் ஏற்கெனவே துளை விழுந்திருந்தாலும் நிலைமை பெரிதும் மாறுவதில்லை. தனித்து நிற்கும் படலம் ஒன்றில் உருளை வடிவத் துளை விழுந்தால், இருபுறப் பரப்புகளிலும் துளையின் அளவுக்குப் பரப்பு குறைகிறது. துளையின் உட்சுவராகப் புதிய பரப்பு தோன்றுகிறது. இவ்விரண்டையும் ஒப்பிடும் எளிய கணக்கின்படி, துளையின் விட்டம் படலத்தின் தடிப்பைவிடச் சிறிதாயின் துளை மூடிக்கொள்ளும், பெரிதாயின் விரியும். 1973இல் டெய்லரும் மைக்கேலும் வெளியிட்ட ஆய்வு இவ்வரம்பைத் துல்லியமாக ஆராய்ந்தது. வரம்பைக் கடந்தபின் பரப்பு இழுவிசை தன் பக்கத்தை மாற்றிக்கொள்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் தடிப்புள்ள சோப்புப் படலத்தில் துளையின் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் வேகத்தில் பின்வாங்குகிறது. இவ்வேகத்தை 1867இல் துய்ப்ரே கணக்கிட்டபோது, விடுபடும் பரப்பாற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறுவதாகக் கொண்டார். விளிம்பில் நீர்மம் திரளும்போது அவ்வாற்றலில் பாதி வெப்பமாக அழிகிறது என்பதை டெய்லரும் (1959) கியூலிக்கும் (1960) உந்தச் சமன்பாட்டின்வழித் தனித்தனியே திருத்தினர்.

அப்படியாயின் முதல் துளை எங்கிருந்து வருகிறது? தூசியோ குமிழியோ இல்லாத தூய படலத்தில் அது வான்டர் வால்ஸ் விசைகளிலிருந்து வருகிறது. படலம் 100 நானோமீட்டருக்கும் கீழே மெலியும்போது, அதன் இரு பரப்புகளும் ஒன்றையொன்று உணரத் தொடங்குகின்றன. மெல்லிய இடம் மேலும் மெலிவதை இவ்விசை ஊக்குவிக்கிறது. பரப்பு இழுவிசை எதிர்க்கிறது. 1966இல் விரெய் வகுத்த கோட்பாட்டின்படி, படலம் உடைவதற்கான காலம் தடிப்பின் ஐம்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. தடிப்பு பத்தில் ஒன்றானால் உடையும் காலம் ஒரு லட்சத்தில் ஒன்றாகிறது. இச்சமன்பாட்டில் பலரும் கவனிக்காத ஒரு கூறு உண்டு: உடையும் காலம் பரப்பு இழுவிசைக்கும் நேர்விகிதத்தில் உள்ளது. பிற யாவும் மாறாதிருப்பின், இழுவிசை மிகுந்த படலமே நெடுநேரம் தாங்கும். இது வகுப்பறை விளக்கத்துக்கு நேர் எதிரான முடிவு.

சிலிக்கான்மீது பூசிய பாலிஸ்டைரின் படலங்களை வெப்பப்படுத்தி, துளைகள் தோன்றி விரிந்து பலகோண வலையாகிப் பின்னர்த் துளிகளாகச் சிதறுவதை ரைட்டர் 1992இல் காட்டினார். இத்துறையின் கோட்பாட்டு வளர்ச்சியில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அசுதோஷ் சர்மாவும் அவருடைய மாணவர்களும் ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது.

இழுவிசையின் வேறுபாடு

எத்தனாலும் சோப்புக் கரைசலும் வேறுபடும் இடத்திற்கு இப்போது வரலாம். சோப்பு மூலக்கூறுகள் பரப்பில் செறிந்து அமர்கின்றன. இத்தகைய சேர்மங்களை இக்கட்டுரை ‘பரப்பியங்கிகள்’ எனக் குறிக்கிறது. படலத்தின் ஓரிடம் தற்செயலாக நீண்டு மெலியும்போது, அங்கே பரப்பியங்கியின் செறிவு குறைகிறது, இழுவிசை உயர்கிறது. உயர்ந்த இழுவிசை சுற்றியுள்ள பரப்பைத் தன்பால் இழுக்கிறது. பரப்பு தன்னோடு நீர்மத்தையும் இழுத்து வருகிறது. மெலிந்த இடம் நிரம்புகிறது. கிப்ஸ் விளக்கிய இந்த மீள்தன்மை தூய நீருக்கும் இல்லை, தூய எத்தனாலுக்கும் இல்லை. இரண்டும் ஒற்றைப் பொருள்களாதலால் விரிந்தாலும் அவற்றின் இழுவிசை மாறுவதில்லை. சோப்புப் படலத்தைக் காப்பது அதன் குறைந்த இழுவிசை அன்று; விரியும்போது உயரவல்ல இழுவிசை.

இழுவிசை வேறுபாட்டால் நீர்மம் ஓடும் நிகழ்வை 1855இல் ஜேம்ஸ் தாம்சன் மதுக்கிண்ணத்தின் உட்சுவரில் ஏறி இறங்கும் துளிகளில் கண்டு விளக்கினார். பின்னர் இத்தாலியின் பாவியாப் பல்கலைக்கழகத்தில் 1865இல் ஆய்வேடு அளித்த கார்லோ மரங்கோனியின் பெயரே அதற்கு நிலைத்தது. இவ்விளைவு காப்பதோடு நிற்பதில்லை. வெப்பநிலை உயர்ந்தால் பெரும்பாலான நீர்மங்களின் இழுவிசை குறையும். அடியில் சூடேற்றிய படலத்தில் ஓரிடத்தில் சற்றே வெம்மையான நீர்மம் மேலே வந்தால், அவ்விடத்தின் இழுவிசை குறைகிறது. சுற்றியுள்ள பரப்பு அதனை வெளிநோக்கி இழுக்கிறது. அவ்விடத்தை நிரப்ப அடியிலிருந்து மேலும் வெம்மையான நீர்மம் எழுகிறது. சிறு குலைவு தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

இதன் வரலாறு ஆய்வு மாணவர்களுக்குத் தனிப் பயனுடையது. 1900இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஆன்றி பெனார் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள உருகிய திமிங்கல மெழுகுப் படலத்தை அடியில் சூடேற்றி, தேன்கூடு போன்ற அறுகோணக் கலங்களைக் கண்டார். 1916இல் ராலே அதற்கு மிதப்பு விசையைக் காரணமாக்கி, அழகிய கோட்பாடு ஒன்றை வகுத்தார். அக்கோட்பாட்டில் கணக்குப் பிழை ஏதும் இல்லை. அடியில் சூடேறும் ஆழமான நீர்மத்திற்கு அது இன்றும் பொருந்துகிறது. ஆனால் பெனார் கண்டது அந்நிகழ்வு அன்று. 1956இல் பிளாக் இத்தகைய படலத்தின்மீது ஒற்றை மூலக்கூற்று அடுக்கு ஒன்றைப் பரப்பியதும் கலங்கள் மறைந்தன. மேற்பரப்பில் ஒரு மூலக்கூறு அளவே தடித்த அடுக்கு மிதப்பு விசையை மாற்ற இயலாது. பரப்பு இழுவிசையை மட்டுமே மாற்ற இயலும். 1958இல் பியர்சன் இதற்குரிய கோட்பாட்டை அளித்தார். மிதப்பின் விளைவு ஆழத்தின் மும்மடியைச் சார்ந்தது. இழுவிசை வேறுபாட்டின் விளைவு ஆழத்தின் முதற்படியைச் சார்ந்தது. படலம் மெலிய மெலியப் பின்னதே மேலோங்கும். ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு விளக்கம் பிழையான நிகழ்வின்மீது நாற்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தது. கோட்பாடு சரியாக இருப்பது வேறு, அது கையிலுள்ள நிகழ்வுக்கு உரியதாக இருப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு நீர்ம இயக்கவியலில் அரிது.

வளைந்த படலம்

தட்டையான படலத்தைக் காக்கும் அதே இழுவிசை, படலம் உருளை வடிவம் கொண்டதும் அதைக் குலைக்கிறது. குழாயிலிருந்து மெல்லிய தாரையாக வழியும் நீர் துளிகளாக உடைவதில் இதைக் காணலாம். தாரையின் நீளம் அதன் சுற்றளவை மிஞ்சினால் அது நிலைக்காது என்பதைப் பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ நிறுவினார். பார்வையை முற்றிலும் இழந்த பிறகும் பிறர் கண்களின் துணையோடு ஆய்வைத் தொடர்ந்த அவர், தம் முடிவுகளை 1873இல் நூலாக வெளியிட்டார். தாரையில் மிக விரைந்து வளரும் குலைவின் அலைநீளம் ஆரத்தைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு என்பதை ராலே கணக்கிட்டார்.

ஒரு குழலின் உட்சுவரில் பூசிய நீர்மப் படலத்திலும் இதுவே நிகழ்கிறது. ஆனால் திசை மாறுகிறது. படலம் எங்கே சற்றுத் தடிக்கிறதோ, அங்கே நடுவிலுள்ள காற்றுப் பாதை குறுகுகிறது. குறுகிய இடத்தில் குழலைச் சுற்றிய வளைவு கூடுகிறது. ஆகவே அங்குள்ள நீர்மத்தின் அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தம் இருபுறமிருந்தும் நீர்மத்தை உறிஞ்சுகிறது. தடித்த இடம் மேலும் தடிக்கிறது. குழலின் நீளவாக்கில் உள்ள வளைவு, தட்டையான படலத்தில்போல், இதைத் தடுக்கவே முயல்கிறது. குறுகிய அலைகளில் தடுப்பு வெல்கிறது. குழலின் சுற்றளவைவிட நீண்ட அலைகளில் தோற்கிறது. ஒரே இழுவிசை ஒரே பரப்பில் இரு வளைவுகளின்வழித் தன்னோடு தானே போரிடுகிறது.

மெல்லிய படலத்தில் குலைவு வளரும் காலம், ஆரத்தின் நான்மடிக்கும் பாகியல் எண்ணுக்கும் நேர்விகிதத்திலும், இழுவிசைக்கும் தடிப்பின் மும்மடிக்கும் எதிர்விகிதத்திலும் அமைகிறது. விகித மாறிலி 12. எனவே தடிப்பு இரு மடங்கானால் குலைவு 8 மடங்கு விரைவாக வளரும். இங்கே வடிவம் குலைவு நிகழுமா என்பதை முடிவு செய்கிறது. இழுவிசையின் அளவு எவ்வளவு விரைவாக நிகழும் என்பதை மட்டும் முடிவு செய்கிறது.

மூச்சுக்குழலின் நீர்மப் பூச்சு

மனித நுரையீரலின் மூச்சுக்குழல்கள் கிளைத்துக் கிளைத்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடையனவாகின்றன. அவற்றின் உட்சுவரில் மெல்லிய நீர்மப் பூச்சு எப்போதும் உண்டு. இப்பூச்சு குழலின் குறுக்கே பாலமிட்டு அடைத்தால், அதற்கப்பால் காற்று செல்லாது. 0.25 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழலில் 10 மைக்ரோமீட்டர் தடிப்பும் நீரை ஒத்த பாகுநிலையும் உடைய பூச்சு இருப்பதாகக் கொண்டு மேற்கண்ட தொடர்பைப் பயன்படுத்தலாம். இழுவிசை 70 மில்லிநியூட்டனாயின், குலைவு ஏறத்தாழ 2.7 மடங்காகப் பெருக 0.7 விநாடி போதும். இழுவிசை 25 ஆயின் 1.9 விநாடி. 5 ஆயின் 9 விநாடிக்கு மேல். வளர்ந்தவர் ஒருவர் ஓய்வில் ஒரு முறை மூச்சிழுத்து விட ஏறத்தாழ 4 முதல் 5 விநாடி ஆகிறது. மூச்சின் காலமும் குலைவின் காலமும் ஒரே அளவில் இருப்பது இச்சிக்கலின் மையம்.

குலைவு வளர்வதனாலேயே குழல் அடைபடுவதில்லை. அடைக்கப் போதிய நீர்மம் வேண்டும். பூச்சின் தடிப்பு ஆரத்தில் ஏறத்தாழ 0.12 பங்கை மிஞ்சினால்தான் பாலம் உருவாகும் என்பதைக் கவுக்லிட்சும் ராட்கியும் 1988இல் காட்டினர். அவ்வரம்புக்குக் கீழே வளையங்கள் மட்டுமே தோன்றுகின்றன. மேற்கண்ட குழலில் தடிப்பின் பங்கு 0.04 மட்டுமே. ஆனால் மூச்சு வெளியேறும்போது குழல் சுருங்குகிறது. நீர்மத்தின் கனஅளவோ மாறுவதில்லை. குழலின் நீளம் மாறாதெனக் கொண்டால், ஆரம் 0.14 மில்லிமீட்டராகக் குறையும்போது பூச்சின் பங்கு 0.12ஐக் கடந்துவிடுகிறது. சிறு மூச்சுக்குழல்கள் மூச்சை ஆழமாக வெளிவிடும் இறுதிக் கட்டத்தில் மூடிக்கொள்வதற்கு இந்நிலைப்பின்மை காரணமாகலாம் என்ற வினாவையே தலைப்பாக்கிக் கம், ஷ்ரோட்டர் ஆகியோர் 1989இல் கட்டுரை வெளியிட்டனர். உண்மையான பூச்சின் மேலடுக்குச் சளி, நீரைப்போல் எளிய நீர்மம் அன்று. சுவரும் விறைப்பான குழாய் அன்று. ஆகவே மேற்கண்ட எண்களைக் கால அளவின் மதிப்பீடாக மட்டுமே கொள்ளுதல் வேண்டும்.

நுரையீரல் தானே சுரக்கும் பரப்பியங்கி இவ்விடத்தில் இருவகையில் உதவுகிறது. முதலாவதாக, இழுவிசையைக் குறைத்துக் குலைவைத் தாமதிக்கிறது. இரண்டாவதாக, நீர்மம் ஓரிடத்தில் திரளத் தொடங்கும்போது அங்கே பரப்பியங்கியும் திரள்கிறது. எழும் இழுவிசை வேறுபாடு பரப்பின் நகர்வை எதிர்த்து, பரப்பைச் சுவர்போல் நிறுத்துகிறது. ஒருபுறம் மட்டும் சுவருள்ள படலத்தோடு ஒப்பிட, இருபுறமும் சுவருள்ள படலத்தில் நீர்மத்தின் ஓட்டம் நான்கில் ஒன்றாகிறது. சோப்புப் படலத்தைக் காத்த அதே வேறுபாடு இங்கே குழலைத் திறந்து வைக்கிறது.

குழல்களின் முடிவிலுள்ள காற்று நுண்ணறைகளிலும் இவ்வாதம் தொடர்கிறது. 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள நுண்ணறையில் இழுவிசை 70 ஆயின் லாப்லாஸ் அழுத்தம் 1400 பாஸ்கல். 25 ஆயின் 500 பாஸ்கல். நுரையீரலைக் காற்றால் விரிப்பதைவிட நீர்மத்தால் விரிப்பதற்குக் குறைந்த அழுத்தமே போதும் என்பதை வான் நேர்கார்ட் 1929இல் காட்டியிருந்தார். அக்கட்டுரை நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. 1955இல் பேட்டில் நுரையீரல் நுரையின் குமிழிகள் வியக்கத்தக்க அளவில் நிலைப்பதைக் கண்டார். 1957இல் கிளெமெண்ட்ஸ் நுரையீரல் சாற்றின் இழுவிசை, பரப்பு சுருங்கும்போது வீழ்வதையும் விரியும்போது உயர்வதையும் அளந்தார். சிறிய நுண்ணறை பெரியதற்குள் காற்றை வெளியேற்றிச் சுருங்கிவிடாதிருக்க, பரப்பு மீள்தன்மையின் இரு மடங்கு இழுவிசையைவிட மிகுந்திருக்க வேண்டும். இழுவிசை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அது மாறாததாக இருந்தால் இந்நிபந்தனை நிறைவேறாது. நுண்ணறைகளைத் தனித்தனிக் குமிழிகளாக வரையும் பாடநூல் படம் மிகையான எளிமை உடையது. அவை பொதுச் சுவர்களால் பிணைந்து ஒன்றையொன்று தாங்குகின்றன. எனினும் பரப்பியங்கி இல்லாதவிடத்து அத்தாங்குதல் மட்டும் போதாது என்பதைக் குறைமாதக் குழந்தைகள் காட்டினர். 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் மூச்சுத்திணறலால் இறந்த பச்சிளங்குழந்தைகளின் நுரையீரல் சாற்றில் இழுவிசை போதிய அளவு வீழாததைக் கண்டனர்.

அக்குழந்தைகளின் நிலையை மேற்கண்ட தொடர்பே கணித்துக் காட்டும். தடிப்புக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம் மாறாதாயின், குலைவின் காலம் ஆரத்துக்கு நேர்விகிதத்திலும் இழுவிசைக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. குழந்தையின் குழல்கள் குறுகியவை, இழுவிசையோ உயர்ந்தது. இரண்டும் காலத்தை ஒரே திசையில் சுருக்குகின்றன.

1980இல் ஜப்பானின் ஃபுஜிவாராவும் குழுவினரும் மாட்டு நுரையீரலிலிருந்து உருவாக்கிய பரப்பியங்கியைப் பத்துக் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்திப் பயன் கண்டு வெளியிட்டனர். செலுத்திய மருந்து பூச்சின்மீது பரவுவதற்கு மரங்கோனி விளைவும் துணைபுரிகிறது. மருந்து விழுந்த இடத்தில் இழுவிசை குறைவு, அப்பால் மிகுதி. மிகுந்த பக்கம் பரப்பை இழுத்துச் செல்கிறது. குரோட்பெர்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களின் தொடக்கத்தில் செய்த கணக்குகளின்படி, இவ்வாறு பரவும் முகப்பில் பூச்சின் தடிப்பு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ இரு மடங்காக உயர்கிறது. முகப்புக்குப் பின்னே பூச்சு உடையும் அளவுக்கு மெலியக்கூடும். தடிப்பின் மும்மடித் தொடர்பைப் பொருத்தினால், முகப்பு கடக்கும் அந்தச் சிறு நேரத்தில் இழுவிசை குறையாத பக்கத்தில் குலைவு 8 மடங்கு விரைவு பெறும். ஏற்கெனவே பூச்சு தடித்த குழலில் காக்க வரும் முகப்பே தற்காலிக அடைப்பைத் தோற்றுவிக்குமா என்பது, முகப்பின் வேகத்தையும் குலைவின் காலத்தையும் குழலுக்குக் குழல் ஒப்பிட்டே சொல்லத்தக்கது.